வினைமுற்று விழும்வரை

விழுப்புரம் சாலையில், திருவாண்டார்கோயில் நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருந்த நேரங்களில்தான் நான் பாக்கெட் நாவல்களைப் படித்துத் தீர்த்தேன். ராஜேஷ்குமாரின் ஓர் அத்தியாயம் முடியவில்லை என்பதற்காக, கண்ணெதிரே வந்து நின்ற வண்டியை ஒருநாள் விட்டிருக்கிறேன். அந்தப் பிடி எங்கே இருக்கிறது என்று அன்றுமுதல் தேடி வருகிறேன்.

வாக்கியம் சின்னதாக இருந்தால் விறுவிறுப்பு தானாக வரும் என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். தமிழில் நீண்ட வாக்கியத்துக்குள்ளேயே மர்மம் ஒளிந்திருக்கிறது. 'பின்கட்டுக் கதவை ஓசையில்லாமல் தள்ளி, கூடத்து விளக்கை அணைத்து, ஊஞ்சலில் தூங்கும் பெரியவரின் தலைமாட்டுக்கு வந்து, குனிந்து...' என்று ஒரு வாக்கியம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தது ஆணா, பெண்ணா? தெரியாது. வினையெச்சம் பால் காட்டாது. 'முத்தமிட்டாள்' என்று முடிந்தால் மகள். 'அழுத்தினான்' என்று முடிந்தால் கொலைகாரன். ஆங்கிலம் எழுவாயை அடுத்தே வினையைச் சொல்லிவிடும். நமக்கு அது கடைசியில்தான் வரும். அதுவரை வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வினைமுற்று வந்தால் ஆள் யாரென்று பாதி வெளிப்பட்டுவிடும். அதனால்தான் நம் துப்பறியும் கதைகளில் இருட்டில் எப்போதும் ஓர் 'உருவம்' நகர்கிறது. தேய்ந்த உத்தி என்று பலர் ஒதுக்குவார்கள். அஃறிணையையே முகமூடியாக மாட்டிவிட்ட அந்த யோசனைக்கு நான் என்றும் ரசிகன்.

தொடக்ககாலத் துப்பறியும் நாவலாசிரியர்களான ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்து நடை நின்று நிதானித்து விவரித்துப் போகும். 1968இல் குமுதத்தில் 'நைலான் கயிறு' எழுதிய சுஜாதா அந்த நீள வாக்கியச் சங்கிலியை வெட்டினார். 'என்றான்', 'என்றாள்' எல்லாம் உதிர்ந்து உரையாடல் தனியே ஓடியது. மாடிப்படி இறங்கும்போது எழுத்துகளையே படிபோல அச்சில் இறக்கிக் காட்டியவர் அவர். ஆனால், அவரது குட்டை வாக்கியம் சுரீரென்று விழுவதற்குக் காரணம், அதற்கு முன்னால் நம்மை நிதானமாக நடக்கவிட்ட நீள வாக்கியம்.

ராஜேஷ்குமார் வேறு வழி கண்டார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கதைகள் அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓடும், கடைசியில் முட்டிக்கொள்ளும். வினைமுற்றைத் தள்ளிப்போடும் அதே வேலைதான், அத்தியாய அளவில்.

வரிக்கு ஒரு பத்தி போட்டு, பக்கம் முழுக்கத் துண்டுகளாய் எழுதுபவர்கள் இந்தக் காக்கவைக்கும் வித்தையைத் தவறவிடுகிறார்கள். நாலு பக்கத்தில் காது மரத்துப்போகிறது.

வீட்டுப் பரணில் பழைய பாக்கெட் நாவல் ஒன்று கட்டாயம் இருக்கும். எடுத்து ஓர் அத்தியாயத்தை வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் மூச்சு எந்த வரியில் நின்றது என்று குறித்து வையுங்கள்.