சூரனின் ஆயிரத்தெட்டு அண்டங்களும் நம் வாசிப்பும்

கந்தபுராணத்தின் அசுரகாண்டத்தைக் கோயில் மண்டபத்தில் இருந்து கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கொடுங்கோல் உலகம் ஒன்றைக் கதையில் கட்டிக் காட்டுவது சுலபமான வேலையல்ல. சூரபன்மன் 1008 அண்டங்களை 108 யுகம் ஆள்கிறான். அவன் மகன் பானுகோபன் தொட்டில் பருவத்திலேயே சூரியனைப் பிடித்துச் சிறைவைத்தவன். இந்திரன் சீகாழியில் ஒளிந்திருக்கிறான். அவன் மகன் சயந்தன் வீரமகேந்திரபுரத்துச் சிறையில் வாடுகிறான். தேவர்கள் அசுரர்களின் உணவுக்கு மீன் சுமக்கிறார்கள். அண்டங்களின் கணக்கு நமக்கு வியப்பைத் தருகிறது. ஆட்சி என்றால் என்ன என்பதைச் சொல்வதோ மீன் சுமக்கும் தேவன்தான்.

அண்மையில் வாசித்த மிகுபுனைவுகளையும் டிஸ்டோப்பியா நாவல்களையும் பற்றி இந்த மலருக்கு எழுத உட்கார்ந்தபோது, உடுவிலில் இருந்துகொண்டு இவற்றை வாசிக்கும் ஒருவர் எந்த அளவுகோலோடு வருகிறார் என்பதையே முதலில் யோசித்தேன். அந்த அளவுகோல் புராணபடனத்தில் இருந்து வந்தது என்று நினைக்கிறேன். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் பயன் சொல்லுவார். தூணோரம் இருக்கும் முதியவர் பிழை கண்டால் இடைமறித்துத் திருத்துவார். சூரன் என்ன வரம் பெற்றான், அந்த வரத்தின் எல்லை எது, அதை மீறாமல் முருகன் எப்படி வெல்கிறான் என்பதெல்லாம் அந்தச் சபைக்கு ஐயமின்றித் தெரிய வேண்டும். அற்புதத்துக்கும் சட்டம் உண்டு என்ற எதிர்பார்ப்பு அங்கே உருவாகிறது. அதோடு இன்னொன்றையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அந்தச் சட்டம் ஆகக் கடைசியில் நிற்கும் ஆளின் தோளில் எப்படி இறங்குகிறது? நான் வாசிக்கும் ஒவ்வொரு மிகுபுனைவையும் இந்தக் கேள்வியில்தான் உரசிப் பார்க்கிறேன்.

இரண்டாவது மரபு நம் ஊர் வழியாகவே வந்தது. 1824இல் இங்கே பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய அமெரிக்க மிஷன், ஜோன் பன்யனின் மோட்சப் பிரயாணக் கதையையும் தமிழுக்குக் கொண்டுவந்தது. 1873இல் இறக்கும்வரை பல பத்தாண்டுகள் உடுவிலில் வாழ்ந்த லீவை ஸ்போல்டிங் அதை மொழிபெயர்த்தார். பன்யன் அதன் முதற்பாகத்தை 1678இல் வெளியிட்டவர்; சிறையறிந்த மனிதர். நாச நகரத்தை விட்டு முதுகில் சுமையோடு புறப்படும் ஒருவனின் பயணம் அது. பாத்திரங்கள் எல்லாம் குணங்களின் பெயரைத் தாங்கி நடப்பதால் பல இடங்களில் உயிர் குறைவு. மாயச்சந்தை நகரத்தில் நடக்கும் வழக்கு மட்டும் இன்றைக்கும் நடுங்க வைக்கிறது. நீதிபதியும் சாட்சிகளும் யூரர்களும் ஏற்கெனவே தீர்மானித்துவிட்ட தீர்ப்புக்காகக் கூடி, குற்றமற்ற ஒருவனைக் கொல்கிறார்கள். பிறகு வந்த எத்தனையோ டிஸ்டோப்பியா நாவல்களின் நீதிமன்றக் காட்சிகளுக்கு மூதாதை இந்தக் காட்சி.

இலங்கைத் தமிழ் நாவலின் தொடக்கமும் வீட்டுக் கதையாக இருக்கவில்லை. சித்திலெப்பையின் ‘அஸன்பேயுடைய கதை’ (1885) கெய்ரோவரை அலைகிறது. இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ (1891) கரடியிடம் வளர்ந்த ஒருவனைப் பற்றிய ஐரோப்பிய வீரக்கதையிலிருந்து பிறந்தது. இந்தக் கிளை ஏன் தழைக்கவில்லை என்பது தனியே ஆராயத்தக்கது. சமூக நாவலும் முற்போக்கு இலக்கியமும் வந்தபின் அற்புதம் நம்மிடையே சிறுவர் பக்கத்துக்குப் போய்விட்டது. இது ஓர் இழப்பு என்றே கருதுகிறேன்.

தமிழ்நாட்டில் விஞ்ஞானக் கிளைக்கு முகம் தந்தவர் சுஜாதா. 1980களில் ஆனந்த விகடனில் வந்த ‘என் இனிய இயந்திரா’ 2020களை ஒட்டிய இந்தியாவைக் கற்பனை செய்தது. பெயருக்கு இரண்டே எழுத்து. பிள்ளை பெற அரசின் அனுமதி. எங்கும் ஜீவா என்னும் தலைவனின் உருவம். அந்தக் காலத்தைக் கடந்து வந்துவிட்ட நாம் இப்போது திரும்ப வாசிக்கும்போது, ஜீனோ என்ற இயந்திர நாயைவிட ஜீவாவே என்னை அதிகம் பிடித்துக்கொள்கிறான். ஆளே இல்லாமல் வெறும் பிம்பத்தால் ஒரு நாட்டை ஆளலாம் என்ற எண்ணம் அன்று விளையாட்டாகத் தெரிந்திருக்கும். ஆனால் தொடர்கதையின் வேகம் நாயகி நிலாவின் துயரத்தில் தங்க விடுவதில்லை. திருப்பத்துக்குத் திருப்பம் ஓடும் கதையில், அனுமதி மறுக்கப்பட்ட வீடுகளுக்குள் நாம் போவதே இல்லை.

ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ (1997) வேறொரு பள்ளி. யுகத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்கும் மாபெரும் கருஞ்சிலை, அதைச் சுற்றிய நகரம், ஞானசபை விவாதம், இறுதியில் வெள்ளம். புராணத்தை நவீன நாவலின் கையால் எழுப்பிய அந்த உழைப்பை மதிக்கிறேன். அதன் தத்துவச் சபையைவிட, கோபுரங்களின் நிழலில் வயிறு கழுவும் மனிதர்களின் பக்கங்களே எனக்கு நெருக்கம். பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’ (2016) அளவில் சிறியது. என் உரைகல்லில் அது மேலே நிற்கிறது. ஒரு வெள்ளாட்டுக் குட்டி. அதன் காதில் அடையாளம் குத்த அரசாங்கம். பதிவுக்கு வரிசையில் நிற்கும் கிழவி. அங்கே நிற்பவர்கள் அரசைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள். மனிதரைப் பற்றி எழுத அஞ்சவேண்டி வந்த எழுத்தாளர் ஆட்டைப் பற்றி எழுதினார் என்பதை அதன் முன்னுரையே சொல்கிறது. ஆள் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சோதனைச்சாவடியில் நின்ற எவருக்கும் அந்த வரிசையைப் புரியவைக்கத் தேவையில்லை.

இங்கேதான் யாழ்ப்பாணத்து வாசகரின் நிலை மற்றவர்களிடமிருந்து வேறாகிறது. ஓர்வெல்லின் ‘1984’, றே பிராட்பரியின் ‘பாரன்ஹீட் 451’ (1953) போன்றவை எழுதப்பட்ட நாடுகளில் எச்சரிக்கைகள். புத்தகங்களைக் கொளுத்தும் அரச ஊழியர்களைப் பிராட்பரி கற்பனை செய்தார். 1981இல் மே மாத இறுதி இரவும் ஜூன் முதல் நாளுமாக யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் எரிந்தன. எரித்தவர்கள் சீருடைக்காரர்கள். ஆகவே பிராட்பரியை வாசிக்கும்போது எனக்கு அச்சம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. அவருடைய நாவலில் நூல்களை மனனம் செய்து காப்பாற்றும் மனிதர்கள் காட்டில் இருக்கிறார்கள். நம்மிடம் எரிந்துபோன ஏடுகளை அப்படி மனத்தில் வைத்திருந்தவர் எவரையும் நான் அறியேன்.

இந்த ஆண்டுகளில் வாசித்தவற்றில் என்னை ஆக அதிகம் அலைக்கழித்தது போல் லிஞ்ச் எழுதிய ‘புரொபெற் சோங்’. 2023இன் புக்கர் பரிசு பெற்ற நாவல். கதை நடப்பது அயர்லாந்தில். தொழிற்சங்கத்தில் இருக்கும் கணவனை இரகசியப் பொலிஸ் கொண்டுபோகிறது, அவன் திரும்புவதில்லை. மனைவி ஐலிஷ் நான்கு பிள்ளைகளோடும் மறதி நோய் முற்றிவரும் தகப்பனோடும் மிஞ்சுகிறாள். மூத்த மகன் கிளர்ச்சியாளரோடு சேர்கிறான். வெளிநாட்டில் இருக்கும் சகோதரி வெளியேறச் சொல்கிறாள். ஐலிஷ் வெளியேற மாட்டாள். மகன் வரலாம், கணவன் வரலாம், தகப்பனை எப்படி விடுவது? ஒவ்வொரு காரணமும் நியாயமானது. ஒவ்வொரு நியாயமும் கண்ணியை இறுக்குகிறது. பந்தி பிரிக்காமல் எழுதிச் செல்வதால் மூச்சுவிட இடமில்லை. மேற்குலக வாசகர் இதை “நமக்கும் நடந்தால்?” என்று வாசிக்கிறார். நான் பால் வாங்கவும் சவர்க்காரம் வாங்கவும் ஐலிஷ் போகும் பக்கங்களைத் தேடித் தேடி வாசித்தேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரியும் சவர்க்காரமும் மெழுகுதிரியும் வராத குடாநாட்டில், ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். வெளியே போகப் பாஸ் வேண்டியிருந்தது. அதற்குப் பொறுப்பாளி நிற்க வேண்டியிருந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, ஒலிபெருக்கி அறிவித்தலோடு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி மழையில் நடந்தது. உடுவில் வீதிகளும் அன்று வெறுமையாகின. அந்த நடைக்கு வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்ட முதியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. லிஞ்ச் அவர்களை எங்கே கண்டார் என்று வியந்தேன். கடைசிப் பகுதியில் ஐலிஷின் மகன், சிறுவன் பெயிலிக்கு நேர்வதை இரண்டாம் முறை வாசிக்க என்னால் முடியவில்லை.

அப்படியானால் நம் போர் நாவல்களையும் டிஸ்டோப்பியா என்று அழைக்கலாமா? சில இளம் விமர்சகர்கள் அப்படி ஆசைப்படுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ (1985) விடுதலைக்கென்று போன இளைஞர்கள், பயிற்சி முகாமுக்குள் தம் தோழர்களே சித்திரவதைக்கு உள்ளாவதைக் காணும் கதை. ஓர்வெல் தொலைவில் இருந்து பார்த்ததை இவர் உள்ளே இருந்து எழுதினார். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) அகதி விண்ணப்பத்தின் வடிவத்தை எடுத்து, அடிக்குறிப்புகளோடு, கதையையும் ஆவணத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறது. இவற்றைக் கற்பனைக் கொடுங்கனவு என்று வகைப்படுத்தினால் சாட்சியத்தின் பாரம் குறைந்துவிடும். டிஸ்டோப்பியா எழுதுபவர் நடக்காததை நடந்ததுபோல் நம்பவைக்க வேண்டியவர். இவர்கள் நடந்ததை நம்பவைக்கப் போராடியவர்கள்.

நடந்ததை வைத்துக்கொண்டே மிகுபுனைவுக்குள் போகும் வழியை அண்மையில் காட்டியவர்கள் ஆங்கிலத்தில் எழுதும் இரு சிங்களவர்கள். ஷெஹான் கருணாதிலகவின் ‘த செவன் மூன்ஸ் ஒவ் மாலி அல்மேதா’ (புக்கர், 2022) 1990இன் கொழும்பில், செத்துப்போன போர்ப் புகைப்படக்காரன் ஒருவனை ஏழு நிலவுக் கால அவகாசத்தோடு அலையவிடுகிறது. மறுவுலகம் ஓர் அரச அலுவலகம்: வரிசை, படிவம், கூச்சல். கொல்லப்பட்ட எல்லாத் தரப்பினரும் அங்கே ஒன்றாக நிற்கிறார்கள். நகைச்சுவை சில இடங்களில் மிஞ்சிப்போகிறது. என்றாலும் 1983இன் படங்களை வெளியே கொண்டுவரத் துடிக்கும் ஆவியின் தவிப்பு மெய்யானது.

வஜ்ர சந்திரசேகரவின் ‘த செய்ன்ற் ஒவ் பிரைற் டோர்ஸ்’ (2023) நெபியூலா விருது பெற்றது. என்னைக் கேட்டால் இந்த நாட்டில் எழுதப்பட்ட மிகுபுனைவுகளில் ஆக உயர்ந்தது இதுவே. பிறந்தவுடனேயே தாயால் நிழல் பிய்த்தெறியப்பட்ட பெற்றர் என்ற பையன், தகப்பனாகிய மகானைக் கொல்வதற்கென்றே வளர்க்கப்படுகிறான். அவன் லூரியற் நகரத்துக்கு வந்துசேர்கிறான். அங்கே பூட்டிக் கிடக்கும் கதவுகள் சில பிரகாசக் கதவுகளாக மாறி, பிறகு திறப்பதே இல்லை. அந்த நகரத்தில் இனமும் சாதியும் படிவங்களில் வகுக்கப்படுகின்றன. கொள்ளைநோயின் பெயரால் முகாம்கள் எழுகின்றன. மதத்தின் பெயரால் கும்பல்கள் தெருவுக்கு வருகின்றன. பௌத்தப் பெரும்பான்மைக்குள் பிறந்த ஒருவர் தன் மரபின் புனிதக் கதையையே எடுத்து, அதன் பேரால் நடந்த வன்முறையைக் கேள்வி கேட்கும் துணிவு அதில் இருக்கிறது. முகாம் பகுதிகளை வாசிக்கும்போது போரின் முடிவில் மக்கள் அடைத்துவைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமின் நினைவு வராத தமிழ் வாசகர் இருக்க முடியாது.

அந்தத் துணிவைத்தான் நம் பக்கத்தில் இன்னும் தேடுகிறேன். சூரனைப் பாடும் நாம், சூரனின் அரண்மனை நம் ஊரிலும் இருந்ததாக ஒரு மிகுபுனைவு எழுதவில்லை. 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள் ஒலிபெருக்கியில் அழைக்கப்பட்டு, இரண்டு மணித்தியால அவகாசத்தில், கையில் சிறு தொகையோடு வெளியேற்றப்பட்டார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து அதே ஒக்ரோபர் 30இல் நாம் நடந்தோம். ஒரே தேதி, ஒரே ஒலிபெருக்கி, இரண்டு நடைகள். இந்த இரண்டையும் ஒரே நகரத்தின் ஒரே நாளாகக் கட்டி, முதலில் போனவர்களின் திறப்புகள் பின்னால் போனவர்களின் கைகளில் கனப்பதைக் காட்டும் நாவல் தமிழில் வர வேண்டும். அதை எழுதும் பிள்ளை இந்த மலரை வாசிப்பவர்களில் ஒருவராக இருக்கலாம். அவர் அசுரகாண்டத்தில் இருந்தே தொடங்கட்டும்.