பெயர் மட்டும் சாலட்

அமெரிக்காவில் அயோவா, மினசோட்டா பக்கம் தேவாலய விருந்துக்கு ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவார்கள். அந்த மேசையில் உருளைக்கிழங்கு சாலட்டுக்குப் பக்கத்தில், வெள்ளைவெளேரென்று ஒன்று உட்கார்ந்திருக்கும். ஸ்னிக்கர்ஸ் சாலட். கீரையும் இல்லை, வெள்ளரியும் இல்லை. ஆனால் சாலட் என்று சொல்லிவிட்டால் சாப்பாட்டோடு சேர்த்தே தட்டில் போட்டுக்கொள்ளலாமே!

அடுப்பு வேண்டாம். கிரானி ஸ்மித் என்ற பச்சை ஆப்பிள் நாலைந்து, ஸ்னிக்கர்ஸ் சாக்லேட் மிட்டாய் நாலைந்து, கூல் விப் என்ற க்ரீம் ஒரு டப்பா. அந்த ஆப்பிள் ரகம் ஆஸ்திரேலியாவில் ஸ்மித் பாட்டி தோட்டத்தில் முளைத்தது. மிட்டாய் 1930-இல் வந்தது. அதைத் தயாரித்த மார்ஸ் குடும்பத்துக் குதிரையின் பெயர் அதற்கு. கூல் விப் 1966-இல் கடைக்கு வந்தது.

சூட்சுமம் பச்சை ஆப்பிளில்தான். அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் இரண்டாவது கரண்டியிலேயே திகட்டிவிடும். தோலைச் சீவக் கூடாது. மிட்டாயைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து நறுக்க வேண்டும். இல்லையென்றால் கேரமல் கத்தியோடு நூலாக இழுத்துக்கொண்டு வரும். குளிர்ந்திருந்தால் சாக்லேட் ஓடு 'டக்'கென்று உடைந்து, வேர்க்கடலையின் வெட்டுமுகம் தெரியும். சிலர் வெனிலா புட்டிங்கும் சேர்ப்பார்கள். எனக்கு அது அதிகப்படி.

பழமும் கற்கண்டும் தீயைப் பாராமல் சேர்கிற பழனிப் பஞ்சாமிர்தம் நினைவுக்கு வரலாம். அது நாள்பட நிற்கும். இது அப்படியில்லை. கலந்த சில மணி நேரத்தில் ஆப்பிள் நீர் விட்டு, க்ரீம் தளர்ந்து, கிண்ணத்தின் அடியில் பழுப்பாக ஒரு குளம் கட்டும். அதையும் வழித்துத் தின்ன ஆள் உண்டு.