பொரியும் பொறியும்

நாமக்கல் மலையில் அரங்கநாதர் குடைவரை இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டில் அதியர் குலத்தார் குடைவித்தது. அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று அதன் பெயரைக் கிரந்த எழுத்தில் பாறையிலேயே பொறித்து வைத்தார்கள். அதே ஊரைச் சுற்றிலும் கோழிப்பண்ணைகள், ஹேச்சரிகள். அங்கே குஞ்சு பொரிக்கிறது. ஊர்ப்பேச்சில் இரண்டு வினையும் ஒன்றாகவே காதில் விழும். ஆனால் அந்த ஓரெழுத்து வேறுபாட்டுக்குள் எத்தனை நுட்பம்!

பொரிவது உள்ளிருந்து நடப்பது. கோழிமுட்டைக்கு அடைக்கணக்கு 21 நாள். ஹேச்சரியில் முதல் 18 நாள் சூடு குறையாமல் வைத்து, முட்டையை அடிக்கடி புரட்டிக்கொண்டே இருப்பார்கள். பிறகு வேறு தட்டுக்கு மாற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். அலகு நுனியில் முளைத்த சிறு பல்லால் குஞ்சு தானே ஓட்டைக் கீறும். நெல் பொரிவதும் இப்படித்தான். சூட்டில் உள்ளீரம் ஆவியாகி, உமியைப் பிளந்துகொண்டு வெள்ளையாக மலர்கிறது. பட்டை வெடித்த அடிமரத்தைச் சங்கப் புலவர்கள் 'பொரியரை' என்றார்கள். அங்கும் வெடிப்புதான். கோழிக்கு அடியில் பொரித்தால் குஞ்சு, வாணலியில் பொரித்தால் பொரியல். உயிர் வெளிவருவதற்கும் மீன் எண்ணெயில் மொறுமொறுப்பதற்கும் ஒரே சொல்லை வைத்த துணிச்சலை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

பொறிப்பதற்கு வெளியிலிருந்து ஒரு கை வேண்டும், உளி வேண்டும். கல் தானாக எழுத்தை ஈனாது. சேரனின் வில், சோழனின் புலி, பாண்டியனின் கயல் எல்லாம் பொறிகள். அழுத்திப் பதித்தது, அழியாமல் நிற்பது.

இதைவிட எனக்குப் பிடித்தது தொல்காப்பியர் சொல்லும் பிறப்பிலக்கணம். நாநுனி அண்ணத்தை வருட ரகரம் பிறக்கும். ஒற்ற றகரம் பிறக்கும். ஒற்றுவதுதானே முத்திரை இடுவது! பொறி என்று பழைய முறைப்படி சொன்னவர் நாவே அண்ணத்தில் ஒரு முத்திரை வைத்திருக்கிறது. ஒலியும் பொருளும் இங்கே பொருந்தியது தற்செயலாகவே இருக்கட்டும், சுவை குறையவில்லை. கொங்குப் பேச்சில் இந்த ஒலி வேறுபாடு தேய்ந்துவிட்டது. குமரி மாவட்டத்தார் வாயில் இன்னும் கேட்கலாம். மலையாளத்தில் தெளிவாகவே உண்டு. காது கைவிட்டதால்தான் சாலையோர ஓட்டல் பலகையில் மீனைப் 'பொறித்து' விடுகிறார்கள். எழுதியவர் மீது எனக்குக் குறையில்லை. ஆனாலும் அந்த வல்லின றகரத்தைப் பார்த்ததும், எண்ணெயில் மீன் சீறும் ஓசை என் மனத்தில் நின்றுபோகிறது.

இரண்டு சொல்லும் சந்திக்கும் நாள் ஒன்று உண்டு. பொறி என்றால் இயந்திரமும்தான். நாமக்கல்லின் லாரிப் பட்டறைகளிலும் திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகளிலும் ஆயுத பூசையன்று பார்க்க வேண்டும். கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்ட பொறிகளுக்கு முன்னால், அவலும் கடலையும் சேர்த்துப் பொரியைக் குவித்துப் படைக்கிறார்கள்.