ஒன்பது அடி சாணியை அள்ளியது யார்?

பொருளாதாரம், நிர்வாகவியல் வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1894இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகை எழுதியதாம்: இன்னும் 50 வருஷத்தில் லண்டன் தெருவெல்லாம் ஒன்பது அடி குதிரைச் சாணியில் புதைந்துபோகும் என்று. அப்புறம் மோட்டார் கார் வந்தது, குதிரை போனது, சாணியும் போனது. ஆகவே எதற்கும் பதற வேண்டாம், தொழில்நுட்பம் பார்த்துக்கொள்ளும். 2004இல் ஸ்டீபன் டேவிஸ் எழுதிய கட்டுரை இந்தக் கதையை நன்றாகப் பரப்பியது. 2009இல் வந்த 'சூப்பர் ஃப்ரீக்கனாமிக்ஸ்' முன்னுரையிலேயே குதிரைச் சாணியைக் கொட்டி வைத்துக்கொண்டு, பூமி சூடாவது பற்றிய கவலைக்கும் அதையே மருந்தாக நீட்டியது.

டைம்ஸில் அப்படி ஒரு வரியே இல்லை என்று 2018இல் அந்தப் பத்திரிகையே எழுதிவிட்டது. அது கிடக்கட்டும். பொய்யோ நிஜமோ, ஒரு பிரதி எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதில்தான் எனக்கு அக்கறை. இந்தக் கதையில் சாணிக்கு உயரம் உண்டு, எடை உண்டு. அள்ளுனவனுக்கு? அவன் வந்தாலும் ஓரமாக ஒரு வரியில் வந்து போகிறான். சாணி தானாகக் குவிகிறது, தானாக மறைகிறது.

ஆட்கள் இருந்தார்கள். ஹென்றி மேஹ்யூ 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் ஏழைகளைப் பற்றித் தொகுத்த நூலில், தெரு முனைகளில் துடைப்பத்தோடு நின்ற சிறுவர்களும் கிழவர்களும் பேசுகிறார்கள். சீமாட்டியின் பாவாடை அழுக்காகாமல் இருக்க, முன்னால் ஓடிச் சாணியைத் தள்ளிப் பாதை போட்டுக் கொடுத்தால் சில்லறைக் காசு. நாய்ப்பீ பொறுக்கித் தோல் பதனிடும் கொட்டகைகளுக்கு விற்றுப் பிழைத்த கிழவிகளும் அதே நூலில் வருகிறார்கள். தோலும் பீயும் எந்த ஊர்லயும் ஒரே கையிலதான் வந்து சேருது போல. நம் சாட்சியங்களைப் படித்தவர்களுக்கு அந்தக் குரல்கள் அந்நியமாக இருக்காது.

நியூயார்க்கைப் பாருங்கள். லட்சத்துக்கும் மேல் குதிரைகள், ஒன்று நாளைக்குப் போடுவது 7 முதல் 14 கிலோ. லாயத்துச் சாணியை விவசாயிகள் காசு கொடுத்து வாங்கிய காலம் போய், குதிரை பெருகப் பெருக விலை விழுந்து, எடுத்துப்போகச் சொல்லி லாயக்காரனே காசு கொடுக்கும் காலம் வந்தது. காலி மனைகளிலெல்லாம் குவியல். தெருவில் விழுந்தது நகரத்தின் பொறுப்பு. 1895இல் துப்புரவுத் துறைக்கு வந்த ஜார்ஜ் வேரிங், குதிரை அவிழ்த்த வண்டிகளைத் தெருவில் நிறுத்தக்கூடாது என்ற விதியைக் கறாராக அமல்படுத்தினார். கூட்டுபவர்களுக்கு வெள்ளை உடுப்பு கொடுத்தார். 1896இல் அவர்களை நகரத்தின் நடுவே அணிவகுத்து நடக்கவைத்தார். அவர்கள் குறைகளைப் பேச 41 பேர் கொண்ட குழுவும் இருந்தது. கார்கள் தெருவை நிறைப்பதற்குப் பல வருஷம் முன்பே அந்தத் தெருக்கள் சுத்தமாகிவிட்டன. துடைப்பம் செய்த வேலைக்குக் காருக்கு மாலை போட்டிருக்கிறார்கள்!

வேரிங்கை நான் மகானாக்கவில்லை. பட்டாளத்து ஆள். வெள்ளை உடுப்பு மரியாதை தந்தது சரி, சோம்பி நிற்கிறவனைத் தூரத்திலிருந்தே காட்டியும் கொடுக்கும். கூட்டியவர்களில் பலர் ஐரிஷ், இத்தாலியக் குடியேறிகள், அதாவது அன்றைக்கு அந்த ஊரில் கீழே இருந்தவர்கள். ஆனால் அவர்கள் பேரப்பிள்ளைகளைப் பார்த்து யாரும் துடைப்பத்தோடு பிறந்தவன் என்று சொல்லவில்லை.

இங்கே விதியே யார் அள்ளவேண்டும் என்பதில்தான் தொடங்குகிறது. தஞ்சைப் பண்ணைகளில் மாட்டுச் சாணி அள்ளிய பண்ணையாளுக்கே சவுக்கடியோடு சாணிப்பாலும் தண்டனை. தொழில்நுட்பம் தீர்த்துவைக்கும் என்கிறவர்கள் நம் சாக்கடைகளை எட்டிப் பார்க்கட்டும். அடைப்பு எடுக்கும் இயந்திரம் எப்போதோ வந்துவிட்டது. மலம் அள்ள வைப்பதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடையில் இறங்கிச் சாகிறவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. மெஷின் வந்தா எல்லாம் தானா தீந்துடும்னா, அந்தத் தொகைய எதுக்கய்யா உயர்த்தணும்?