கேட்காமல் விட்ட கேள்வி

பென் டிரைவோடு வரும் குடும்ப வழக்குகளில் எனக்கு ருசி குறைவு. மனைவிக்குத் தெரியாமல் கணவன் பதிவு செய்த பேச்சையும் தம்பதிக்கிடையிலான வழக்கில் ஏற்கலாம் என்று 2025 ஜூலையில், விபோர் கர்க் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து வக்கீல்கள் கூடும் இடமெல்லாம் அந்தப் பேச்சுத்தான். தீர்ப்பில் எனக்குக் குறையில்லை. தம்பதிக்கிடையிலான பேச்சைக் காக்கும் சாட்சியச் சட்டத்தின் பழைய 122-ஆம் பிரிவு இன்று 128 ஆனாலும், தம்பதிக்கிடையிலான வழக்குக்கான அதன் விதிவிலக்கு அங்கேயே இருக்கிறது. ஆனால் கோர்ட்டுக்குள் நுழைந்த சாட்சியத்துக்கெல்லாம் எடை வந்துவிடுமா? பரமக்குடியிலிருந்து போன ஒரு குடும்ப வழக்கில், மனைவியின் செல்போன் அழைப்பு விவரத்துக்குக் கணவர் தானே சான்றிதழ் எழுதிக்கொண்டு வந்தார்; 2024-ல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ஏற்கவில்லை.

ஜீவனாம்சக் குறுக்கு விசாரணைதான் விருந்து. அமராவதி நகரிலிருந்து பஸ் ஏறி உடுமலை கோர்ட்டின் பின்வரிசையில் உட்கார்ந்து நான் கேட்டவர்களில், மறக்க முடியாதவர் ஒரு மூத்த வக்கீல். இந்தப் பக்கத்துப் பனியன் தொழிலில் வருமானத்துக்குக் காகிதம் கிடைப்பது அரிது; பீஸ் கணக்கில் கூலி, சனிக்கிழமை கையில் சம்பளம். சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரத்தை 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் ரஜ்னேஷ் தீர்ப்பு கட்டாயமாக்கிய பிறகும், கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள் போட்டிருப்பவர் அதில் 'கூலித் தொழிலாளி' என்று எழுதிவிடுகிறார். அப்படி எழுதிய ஒருவர் கூண்டில் நின்றார். மனைவி தரப்பில் எழுந்த பெரியவர் வருமானம் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

"ஏனுங்க தம்பி, ஓவர்லாக், பேட்லாக் மிஷின் ரெண்டும் நீங்களே ஓட்டுவீங்களா?"

"இல்லீங்க, ரெண்டுக்கும் தனித்தனியா டைலர் இருக்காங்க."

"சனிக்கிழமை சம்பளம் யார் கையில வாங்குவாங்க?"

"எங்கிட்டத்தானுங்க."

உட்கார்ந்துவிட்டார்! 'அப்படியானால் நீர் முதலாளிதானே' என்று கேட்டிருந்தால், கம்பெனிக்காரர் கொடுப்பதைப் பிரித்துக் கொடுக்கிறேன் என்று அவர் நழுவியிருப்பார். மிச்சத்தை வாதத்தில் வைத்துக்கொண்டார்: கணக்கு நோட்டு அவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி, அதைச் சொல்லும் பொறுப்பு சாட்சியச் சட்டம் 106-ன்படி அவருடையது, நோட்டை மறைத்தால் 114-ன்படி அவருக்கு எதிராகவே ஊகிக்கலாம். இன்று அவை 109, 119. தாஸ்தானே வழக்கில் 1975-லேயே உச்ச நீதிமன்றம், தாம்பத்திய வழக்குக்குச் சந்தேகமற நிரூபணம் தேவையில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும் என்றது. அந்தத் தராசில் அந்த இரண்டு பதில்களுக்கு என்ன கனம்!

சாட்சியச் சட்டம் ஏற்காததையும் ஏற்க அனுமதிக்கும் குடும்ப நீதிமன்றச் சட்டம் 14-ஆம் பிரிவு இருக்க இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு என்பார்கள் சில நண்பர்கள். கட்டுக்கட்டாக வாட்ஸப் அச்சுப் பிரதிகளைத் தாக்கல் செய்துவிட்டு, எது முக்கியம் என்று நீதிபதியே தேடட்டும் என்று விடுகிறார்கள். வாசல் அகலம் என்பதற்காக வீட்டுக்குள் எல்லாவற்றையும் கொட்டுவார்களா?

சிவில் நடைமுறைச் சட்டத் திருத்தம் வந்த 2002 ஜூலைக்குப் பிறகு முதல் விசாரணையும் பிரமாண வாக்குமூலமாகிப் போனது. முன்பு வழக்குத் தொடுத்த பெண் தன் வாயால், தயங்கி, திரும்பத் தொடங்கிச் சொல்வாள். நீதிபதி முகம் பார்ப்பார். இப்போது மனுவின் பத்திகளே வாக்குமூலமாக வருகின்றன, எல்லாப் பெண்களும் ஒரே நடையில் அழுகிறார்கள். குறுக்கு விசாரணையோ 'என்று சொன்னால் சரியல்ல' என்ற வரிகளாலேயே பக்கம் நிறைகிறது. சனிக்கிழமை சம்பளம் யார் கையில் என்று கேட்க ஆளில்லை.