வம்பில் எது புதுசு?

போன மாசம் திருப்பூர் கம்பெனி ஒன்றுக்கு நான் எழுதின ஸ்டாக் சாஃப்ட்வேர் சொதப்பிடுச்சு. இரண்டு குடோன் போன்கள், ஒரே சரக்கு. ஒரு போனின் கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடியது. அதிலிருந்து வந்த பழைய எண்ணிக்கை புதுசை அழித்துவிட்டது. கடிகாரத்தை நம்பினது என் தப்பு.

அப்புறம்தான் 1993 எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ். மாநாட்டில் வந்த, மாதவன் முகுந்த் - மிலிந்த் சோஹோனி கட்டுரையை உட்கார்ந்து படித்தேன். தலைப்பிலேயே வம்பு இருக்கிறது. கேள்வியும் டீக்கடைக் கேள்விதான்: இருவர் சந்திக்கிறார்கள், மூன்றாவது ஆளைப் பற்றி இருவரிடமும் சேதி இருக்கிறது, யாருடையது புதுசு? 1, 2, 3 என்று எண் போட்டால் தீர்ந்தது. ஆனால் எண் வளர்ந்துகொண்டே போகும். அளவான சில சீட்டுகளையே திரும்பத் திரும்ப ஒட்டலாம் என்று நிரூபிக்கிறார்கள். யாரைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்பதையும் ஒவ்வொருவரும் சுமக்க வேண்டும். தன் சீட்டு எவர் கணக்கிலும் இல்லை என்று தெரிந்தால்தான் அதை மறுபடி எடுக்கலாம். இதற்கென்று தனிச் சேதி எதுவும் அனுப்ப வேண்டாம். அங்கேதான் அசந்து போனேன்.

ஆனாலுங்க, 64 பிட் எண் என் ஆயுசில் தீராது. சீட்டுச் சிக்கனம் எனக்கெதுக்கு? நிலைகள் எண்ணிக்கைக்குள் அடங்கினால் மொத்த அமைப்பையும் ஆட்டோமேட்டனாகக் கட்டலாம். ஸீலோன்காவின் 1987 தேற்றத்துக்கு அப்படித்தான் இது உதவியது. கோட்பாட்டுக்காரருக்கு அது பெரிய லாபம். என் குடோனில் உதைப்பது வேறு: ஆள் எத்தனை என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும், சந்திப்பவர்கள் ஒரே நேரத்தில் கைகுலுக்கவும் வேண்டும். இங்கே போன் தொலையும், நெட் போகும்.

இப்போது போனுக்கொரு கவுண்டர் வைத்திருக்கிறேன். இரண்டும் தனித்தனியே மாற்றியிருந்தால் குடோன்காரரையே கேட்கும்.