மூன்றாவது ஒயர்

நிசானின் ஆர்பி26 எஞ்சினில் பிந்தைய ஆர்35 காரின் காயிலை ஏற்றிய கதையைச் சொல்கிறவர்கள் காயிலைப் பற்றியே சொல்லிக்கொண்டு போகிறார்கள். எனக்கு அதில் பாதி ஆர்வம்கூட வருவதில்லை. ஹிட்டாச்சி செய்த சரக்கு, நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். அதற்குப் போகும் ஒயரிங் அப்படிக் கடையில் கிடைத்துவிடாது. அந்த ஒயரிங்கிலும் என் கண் முதலில் தேடிப் போகிற இடம் ஒன்றுதான்: எர்த்.

ஆர்பி26 வந்த ஆர்32 காரின் பழைய காயிலில் இக்னைட்டர் வெளியே இருக்கும். ஒரு ஒயரில் 12 வோல்ட், இன்னொன்று அந்த இக்னைட்டருக்கு. ஆறு காயிலின் பிரைமரி கரண்டும் லூம் என்ற ஒயர்க் கட்டின் வழியாக அங்கே போய்த்தான் அறுபடும். ஆர்35இல் இக்னைட்டர் காயிலுக்குள்ளேயே இருக்கிறது. வெளி இக்னைட்டரைக் கழற்றிவிட்டு இசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) சிக்னலை நேராகக் காயிலுக்குக் கொடுக்கிறோம். பவர், சிக்னல், எர்த் என்று காயிலுக்கு மூன்று ஒயர். பிரைமரி கரண்ட் இப்போது இறங்குவது எர்த் வழியாக. அந்த மூன்றாவதை எப்படி இழுத்து எங்கே முறுக்கியிருக்கிறார் என்று பார்த்தால் போதும், வேலை செய்தவரின் தரம் தெரிந்துவிடும்.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். 8000 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய 15 மில்லிசெகண்ட். ஆறு சிலிண்டருக்குப் பங்கிட்டால் 2.5 மில்லிசெகண்டுக்கு ஒரு ஸ்பார்க். டுவெல், அதாவது காயில் நிரம்பும் நேரம், 3 மில்லிசெகண்ட் என்று வைத்தால், 1-5-3-6-2-4 வரிசையில் முதல் சிலிண்டரின் காயில் ஸ்பார்க் விடுவதற்குள்ளாகவே ஐந்தாவதன் காயில் நிரம்பத் தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் அரை மில்லிசெகண்ட் நேரம் இரண்டு காயிலின் கரண்ட் ஒரே எர்த்தில் இறங்குகிறது. ஒயர் மெலிந்ததாக இருந்தால், முனையில் துரு இருந்தால், காயில் பக்கத்து எர்த் பூஜ்யத்திலிருந்து மேலே ஏறும். இசியு தன் எர்த்திலிருந்து அளந்து 5 வோல்ட் அனுப்புகிறது. காயிலோ தன் எர்த்திலிருந்து அளந்து அதை வாங்கிக்கொள்கிறது. துணிக்கடைக்காரர் முழமும் தையல்காரர் முழமும் வேறாகிவிட்ட கதைதான். ஐடிலில் ஒன்றும் தெரியாது. பூஸ்ட் ஏறும்போது மிஸ்ஸிங் அடிக்கும். உடனே பாவம் பிளக்கைக் கழற்றுவார்கள்.

அதனால்தான் எர்த்தைப் பாடியில் கொண்டுபோய் முறுக்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஸ்பார்க் பாய்வது சிலிண்டர் ஹெட்டுக்குள். அந்தக் கரண்ட் காயிலுக்கே திரும்பி வந்தாக வேண்டும். எர்த் ஹெட்டிலேயே இருந்தால் சுற்று சில அங்குலத்தில் முடிந்துவிடும். பாடியில் இருந்தால் அது பழைய எஞ்சின் ஸ்ட்ராப் வழியாக ஊரைச் சுற்றி வரும். போகிற வழியெல்லாம் இரைச்சலைத் தெளிக்கும். எக்ஸாஸ்ட் கேம் முனையில் 360 கீறல் போட்ட தட்டை எண்ணிக்கொண்டிருக்கும் கிராங்க் ஆங்கிள் சென்சாருக்கு அந்த இரைச்சல் ஆகாது.

ஜிஎம்மின் எல்எஸ் காயில்தான் உசத்தி என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அதில் நான்கு பின். சிக்னலுக்கென்று தனி எர்த்தே கொடுத்திருக்கிறார்கள். நான் இவ்வளவு புலம்புகிற விஷயத்தை ஜிஎம்காரர்கள் கனெக்டரிலேயே தீர்த்துவிட்டார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காயில் பிளக் குழிக்குள் இறங்காது. தனி பிராக்கெட், ஆறு எச்டி கேபிள் என்று, 1989இலேயே நிசான் ஒழித்துக்கட்டிய சாமான்களைத் திரும்ப அழைத்து வர வேண்டும். இரண்டு கேம் கவருக்கும் நடுவில் எல்லாம் அடங்கி, மேலே ஒரு மூடியோடு முடிந்துபோவதுதான் அந்த எஞ்சினின் லட்சணம்.

ஸ்பிளிட்ஃபயரின் நீலக் காயிலை மாட்டி, இக்னைட்டரையும் லூமையும் தொடாமல் விடுகிறவர்கள் இன்னொரு கட்சி. பூஸ்ட்டைக் கூட்டாத வண்டிக்கு அவர்கள் செய்வது சரிதான். லூமைத் தொடாமல் விடுவதில்தான் எனக்குச் சம்மதமில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த மூடிக்குள் வெந்த ஒயர் அது. விரலால் மடக்கினால் இன்சுலேஷன் அப்பளமாகிறது. நிஸ்மோ 2017இல் ஆர்32க்குப் பழைய பாகங்களை மறுபடி செய்து விற்க ஆரம்பித்தபோது அதில் ஹார்னஸும் இருந்ததில் ஆச்சரியமில்லை. காயில் மாற்றியதும் வண்டி பறக்கிறது என்று கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம்: கூடவே வந்த புது லூமுக்குச் சேர வேண்டிய பெயரைக் காயில் தட்டிக்கொண்டு போயிருக்கலாம். பழைய இசியுவின் டுவெல் கணக்கு பழைய காயிலுக்குப் போட்டது. அதைத் திருத்தாமல் ஆர்35 காயிலின் முழு பலத்தை யாரும் பார்த்துவிட முடியாது.

நான் வேலை பழகிய பட்டறையில் ஒரு முதிய எலக்ட்ரீஷியன் இருந்தார். எந்த வண்டி வந்தாலும் முதல் கேள்வி, "எர்த் எங்கே கொடுத்திருக்கு?" பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகுதான் போல்ட் போடுவார். ஈயம் வைத்து ஒட்டவும் விடமாட்டார். ஈயம் ஒயருக்குள் ஏறி விறைத்த இடத்தில்தான் எஞ்சின் ஆட்டத்தில் முறியும் என்று, சரியான கிரிம்ப் கருவி வாங்கக் கடன் பட்டவர்.

இப்போது வரும் கிட்களைப் பார்த்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ. ஊதா நிறத்தில் அனோடைஸ் செய்த பிராக்கெட், படத்துக்கு அழகு. எர்த் லக்கையும் அந்த ஊதா மேலேயே வைத்து முறுக்கியிருக்கிறார்கள். அனோடைஸ் படலம் கரண்டைக் கடத்தாது என்பது எந்தப் பட்டறைப் பையனுக்கும் தெரிந்திருந்த காலம் உண்டு. ஊதா தெரிய வேண்டும் என்பதற்காக நடு மூடியையும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். லூமில் பதினெட்டு ஒயரும் கறுப்பு. எது எங்கே போகிறது என்று ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

யாராவது புது வேலையைக் காட்ட வந்தால் நான் கேட்பது ஒன்றே. மீட்டரின் ஒரு முனையைக் காயில் எர்த் பின்னிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, எஞ்சின் ஓடும்போது எவ்வளவு வோல்ட் காட்டுகிறது? அதைச் சொல்லிவிட்டால் எந்தக் கம்பெனிக் காயில் என்று நான் கேட்கவே மாட்டேன்.